ஸ்க்ரூடிரைவருக்கு ஸ்டிக்கர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 1,465 கோடி டாலரை எட்டியதைப் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர், கோவை வட்டாரங்களில் ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் சிறு யூனிட்டுகளும் இருக்கின்றன. ஆடிட்டின்போது அவை தடுமாறும் இடங்களில் ஒன்றைப் பற்றியே இந்தக் கடிதம். உற்பத்தி லைனில் ஓடும் எலக்ட்ரிக் ஸ்க்ரூடிரைவர் சொன்ன டார்க்கில்தான், அதாவது முறுக்கு விசையில்தான், முடுக்குகிறதா என்று பார்ப்பதில் பல இடங்களில் முறையே தவறாக இருக்கிறது.

எல்.இ.டி. விளக்கு, செட்டாப் பாக்ஸ், மின்மீட்டர், ஸ்கூட்டர் பேட்டரி பேக் ஆகியவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் எம்2 முதல் எம்4 வரையிலான, அதாவது 2 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்க்ரூக்கள். வேண்டிய டார்க் அநேகமாக 0.2 முதல் 2 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். கைப்பேசிக்குள் இருக்கும் பொடி ஸ்க்ரூக்களுக்கு இன்னும் குறைவு. இந்த அளவில் 0.1 நியூட்டன் மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய விஷயம். கூடினால் ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூணான பாஸ் விரியும், மரை சீவிப்போகும், சர்க்யூட் போர்டு வளைந்து ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் இருக்கும் செராமிக் கெப்பாசிட்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். போர்டு டெஸ்டில் பாஸாகிவிடும்; வாடிக்கையாளர் வீட்டில் சில மாதம் கழித்துச் சாகும். குறைந்தால் பேட்டரி பேக்கில் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டையான பஸ்பாரின் இணைப்பில் தொடுமுனை மின்தடை ஏறி, அந்த இடம் சூடாகும்.

டார்க் சரிதானா என்று கேட்டால் பெரும்பாலான யூனிட்டுகள் காட்டுவது, டிரைவரின் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஸ்டிக்கரைத்தான். ஆண்டுக்கு ஒரு முறை லேபுக்குப் போய் வரும். கையால் முடுக்கும் டார்க் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலையே, பயன்படுத்துபவர் தனக்கென ஒரு கண்காணிப்பு முறை வகுத்துக்கொள்ளாவிட்டால் 12 மாதம் அல்லது 5,000 தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி பார்க்கச் சொல்கிறது. எலக்ட்ரிக் டிரைவர் அந்தத் தரநிலையில் வராது. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு 6 ஸ்க்ரூ, ஷிஃப்டுக்கு 500 பெட்டி என்றால் ஒரே ஷிஃப்டில் 3,000 தடவை. இரண்டாவது ஷிஃப்ட் முடிவதற்குள் 5,000 தாண்டிவிடும். குறித்த டார்க் வந்ததும் நழுவி முடுக்குவதை நிறுத்தும் கிளட்சின் ஸ்பிரிங்கும் பந்துகளும் தேய்வதற்கு ஸ்டிக்கரின் தேதி தெரியாது.

தினமும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். டார்க்கை அளந்து காட்டும் டெஸ்டரின் வாயில் டிரைவரின் முனையான பிட்டை நேராகச் செருகி ஸ்விட்சை அழுத்துவார்கள். திரையில் வரும் எண்ணை எழுதிக்கொள்வார்கள். கையால் திருப்பும், குறித்த டார்க் வந்ததும் கிளிக் என்று விடும் டிரைவருக்கு இது சரி, ஏனென்றால் கை மெதுவாகத்தான் ஏற்றும். மோட்டார் டிரைவருக்குச் சரிவராது. நிமிடத்துக்குச் சில நூறு முதல் ஆயிரம் சுற்றுவரை ஓடும் மோட்டார், அசையவே அசையாத சென்சாரில் மோதி நிற்கிறது. ரோட்டரும் கியரும் சேர்த்து வைத்திருந்த வேகம் ஒரே கணத்தில் அதிர்ச்சியாக இறங்குகிறது. கிளட்ச் தன் வழக்கப்படி நழுவ அவகாசமே இல்லை. வரும் எண் உண்மை ஜாயின்ட்டில் (ஸ்க்ரூ பிடிக்கும் இணைப்பில்) கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு வேறாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் டார்க்கைக் கூட்டிக் குறைக்கும் நட்டைத் தளர்த்துகிறார். அப்புறம் லைனில் ஸ்க்ரூ எல்லாம் லூஸ். பொடி சென்சாராக இருந்தால் அடிபட்டு அடிபட்டு அதன் ஜீரோவும் நகர்ந்துவிடும்.

இதற்காகவே இருப்பது ரன்-டவுன் அடாப்டர். சிலர் ஜாயின்ட் சிமுலேட்டர் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் சாமான். அடியில் டெஸ்டரின் வாயில் உட்காரும் சதுர அல்லது அறுகோணத் தண்டு, மேலே ஒரு மரைத் துளை, அதில் ஒரு திருகு, திருகின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே கிண்ணம் போல் லேசாகக் குழிந்த ஸ்பிரிங் வாஷர்களின் அடுக்கு. டிரைவர் திருகை உள்ளே இறக்க இறக்க வாஷர்கள் அமுங்கி டார்க் படிப்படியாக ஏறும். வேண்டிய அளவு வந்ததும் கிளட்ச் விடும். டெஸ்டர் உச்சத்தைப் பிடித்து வைக்கும். லைனில் ஒரு ஸ்க்ரூ இறங்கும்போது நடப்பதும் இதுதான்.

அடாப்டரின் திருகில் உராய்வு இருக்கிறதே, அது அளவைக் கெடுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கெடுக்காது. பிட் கொடுக்கும் முறுக்கு மரையில் எவ்வளவு, தலையடியில் எவ்வளவு என்று எப்படிப் பிரிந்தாலும், கடைசியில் அடாப்டரின் உடம்பு வழியாகத்தான் சென்சாருக்குப் போயாக வேண்டும். உராய்வு மாறினால் அந்த டார்க் வரை போக ஆகும் கோணம்தான் மாறும். முறுக்குக்கு வேறு வழியை நாமே உண்டாக்கிக் கொடுப்பது, அடாப்டர் ஆடுகிறதே என்று இடது கையால் அதைப் பிடித்துக்கொள்ளும்போது. அப்போது ஒரு பங்கு கைக்குப் போய்விடும். எண் குறைந்து வரும். அடாப்டரில் கை படவே கூடாது.

வாஷர்களை அடுக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. எல்லாக் கிண்ணங்களும் ஒரே பக்கம் பார்த்து ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தால் அடுக்கு விறைப்பாகும்: இரண்டு வாஷருக்கு அதே அமுக்கத்துக்கு இரு மடங்கு விசை வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரும் புதிருமாக வைத்தால் மென்மையாகும்: அதே விசைக்கு இரு மடங்கு அமுங்கும். ஸ்க்ரூ தலை உட்கார்ந்த பிறகு 30 டிகிரிக்குள் முழு டார்க் வந்துவிட்டால் அதை ஹார்ட் ஜாயின்ட் என்றும், இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி போனால் சாஃப்ட் ஜாயின்ட் என்றும் சொல்வது வழக்கம். இரும்புத் தகட்டில் இரும்பு ஸ்க்ரூ முதல் வகைப் பக்கம் சாயும். ரப்பர் கேஸ்கெட் வைத்த மூடி இரண்டாவது பக்கம். நடைமுறையில் பெரும்பாலானவை இடையில் எங்கேயோ இருக்கும்.

உங்கள் பொருளின் ஜாயின்ட் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்க்ரூவைத் தலை தொடும்வரை கையால் இறக்குங்கள். தலையிலும் பக்கத்துப் பரப்பிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கைப்பிடி கிளிக் டிரைவரால் குறித்த டார்க் வரை முடுக்குங்கள். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். கால் சுற்றா, அரைச் சுற்றா என்று கண்ணால் சொன்னாலே போதும். அதே கோணம் வரும்படி அடாப்டரின் வாஷர்களை அடுக்குங்கள். அடுக்கை ஒரு முறை தீர்மானித்த பின் படம் வரைந்து அடாப்டர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுவது நல்லது. சுத்தம் செய்யக் கழற்றுபவர் வேறு வரிசையில் போட்டுவிட்டால், மறுநாள் டிரைவர் கெட்டுவிட்டது என்று எல்லாரும் தலையைச் சொறிவார்கள்.

அடாப்டரின் அளவு பொருந்தவில்லை என்றால் கோளாறு இரண்டு பக்கமும் வரும். 5 நியூட்டன் மீட்டருக்கான அடாப்டரில் 0.3 நியூட்டன் மீட்டர் டிரைவரைப் போட்டால் வாஷர்கள் அசையவே செய்யாது. 0.5க்கான அடாப்டரில் 2 நியூட்டன் மீட்டர் டிரைவரைப் போட்டால் வாஷர்கள் முழுக்கத் தட்டையாகி, அதற்கு மேல் கெட்டியான இரும்பாகிவிடும். இரண்டிலும் விளைவு ஒன்றே: டிரைவர் மறுபடி சுவரில் மோதுகிறது, எண் குதிக்கிறது. கிளட்ச் விடும் நேரத்தில் வாஷர் பாதிக்கு மேல் அமுங்கியும் முழுதாகத் தட்டையாகாமலும் இருப்பதே பொருத்தமான அளவு.

சென்சார் விஷயமும் அப்படித்தான். 10 நியூட்டன் மீட்டர் சென்சார், முழு அளவில் 0.5 சதவீதத் துல்லியம் என்று விவரத்தாளில் போட்டிருந்தால், அந்தப் பிழை 0.05 நியூட்டன் மீட்டர். 5 நியூட்டன் மீட்டரை அளக்கும்போது அது 1 சதவீதம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே சென்சாரில் 0.1 நியூட்டன் மீட்டரை அளந்தால் பிழை 50 சதவீதம். அளக்கப்போகும் டார்க், சென்சார் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்குமாறு சென்சாரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. ஒரே டெஸ்டரை வைத்துக்கொண்டு கைப்பேசி ஸ்க்ரூவிலிருந்து மோட்டார் கவர் போல்ட் வரை பார்க்கலாம் என்பது வாங்கும்போது இனிக்கும் கணக்கு.

இனி சோதனையைச் செய்யும் விதம். டெஸ்டரை மேசையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். நகரும் டெஸ்டர் முறுக்கைத் தின்றுவிடும். அடாப்டரை உட்கார வைத்த பிறகு ஜீரோ செய்யுங்கள், அதற்கு முன்பு அல்ல. அலகு லைனில் எழுதியிருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். டிரைவரில் வேக ஸ்விட்ச் இருந்தால் லைனில் எந்த நிலையில் ஓடுகிறதோ அதே நிலை. பவர் சப்ளையும் லைனில் இருக்கும் அதே பெட்டி. திருகை வாஷர் முழுக்க விடுபடும் வரை பின்னால் எடுத்து, மேலும் இரண்டு மூன்று சுற்று மேலே கொண்டுவாருங்கள். மோட்டார் முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் வாஷரைத் தொட வேண்டும். பாதி இறங்கியே இருக்கும் திருகில் மறுபடி ஸ்விட்சை அழுத்தினால் கிளட்ச் உடனே விட்டுவிடும். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. டிரைவரைச் செங்குத்தாகப் பிடித்து, பிட் வழுக்காத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டு விசை சென்சாருக்குப் போய் எண்ணைத் திருகிவிடும். முதல் மூன்று நான்கு ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், கிரீஸ் இளகட்டும். பிறகு பத்து ஓட்டம் எழுதுங்கள்.

டெஸ்டரின் மோடு பற்றி ஒரு வார்த்தை. கிளிக் வகைக் கைக்கருவிக்கு முதல் உச்சத்தைப் பிடிக்கும் மோடு. மோட்டார் டிரைவருக்கு, அடாப்டர் வைத்து, உச்ச மோடு. ஆனால் எல்லா மோட்டார் டிரைவரும் கிளட்ச் விட்டதும் தானே நிற்காது. சில, ஸ்விட்சை விடும்வரை கட கட என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடியும் திருகை இன்னும் கொஞ்சம் இறக்கும், உச்சமும் ஏறிக்கொண்டே போகும். அந்த வகையில் முதல் அடியோடு கையை எடுக்க ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோதனையில் மட்டுமல்ல, லைனிலும். டெஸ்டரில் பொடி அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டரின் அதிர்வெண்ணை மாற்றும் வசதி இருந்தால் அதை ஒரு மதிப்பில் வைத்து, பதிவேட்டில் எழுதி, தொடாமல் விடுங்கள். உயர்த்தினால் பொடி அதிர்வுகளும் உச்சமாகப் பதிவாகும், தாழ்த்தினால் உண்மையான உச்சமே மழுங்கும். இரண்டு யூனிட்டுகள் ஒரே டிரைவருக்கு வெவ்வேறு எண் சொல்லிச் சண்டையிடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எழுதிய பத்து எண்ணை என்ன செய்வது? உதாரணத்துக்கு 0.60 நியூட்டன் மீட்டர், கூடக் குறைய 10 சதவீதம் என்று வரைபடத்தில் இருக்கிறது, எல்லை 0.54 முதல் 0.66. கிடைத்தவை 0.59, 0.61, 0.60, 0.58, 0.60, 0.62, 0.60, 0.59, 0.61, 0.60 என்று வையுங்கள். சராசரி 0.60, எண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் சுமார் 0.0115. ஏறக்குறைய எல்லா ஓட்டமும் சராசரியிலிருந்து மூன்று மடங்கு விலக்கத்துக்குள் அடங்கும்; அது 0.035, ஆக டிரைவர் 0.565க்கும் 0.635க்கும் நடுவில் ஓடுகிறது. நல்ல டிரைவர். இதே சிதறலோடு சராசரி மட்டும் 0.57க்கு இறங்கினால், பத்து எண்ணும் எல்லைக்குள்ளேயே இருக்கும், ‘ஓகே’ என்று கையெழுத்தும் விழும். ஆனால் கீழ் எல்லைக்கு இருப்பது 0.03, தேவைப்படுவது 0.035. பகல் முழுக்க ஓடும் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்களில் சில வெளியே போகத்தான் போகும். ஒவ்வொரு எண்ணும் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிய வராது. சராசரியை நாள்தோறும் ஒரு கிராஃப் தாளில் புள்ளியாக வைத்தால் ஸ்பிரிங் தளர்வது ஒரு வாரம் முன்பே கண்ணில் படும். டிரைவர் புதிதாக வரும்போதோ பழுது பார்த்து வரும்போதோ பத்து போதாது. மோட்டார் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 5393 முறையில் செய்வதுபோல 25 ஓட்டம், ஹார்ட் ஒன்று, சாஃப்ட் ஒன்று என இரண்டு அடுக்கிலும் பாருங்கள். இரண்டு சராசரிக்கும் நடுவில் அதிக வித்தியாசம் காட்டும் டிரைவர், பொருள் மாறினாலே டார்க்கும் மாறும் டிரைவர். அதை ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிடுவதே மேல்.

எண்கள் திடீரென்று சிதறினால் டிரைவரைப் பிரிக்கும் முன் பிட்டை மாற்றிப் பாருங்கள். முனை மழுங்கிய பிட் திருகின் குழியில் ஏறி ஏறி விழும். அடாப்டரில் அறுகோண வாய் உள்ள திருகு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். பிட்டில் குறை இல்லையென்றால் அடாப்டரைப் பாருங்கள். மரை காய்ந்திருக்கும், அல்லது வாஷர் ஒன்றில் விளிம்பிலிருந்து கீறல் ஓடியிருக்கும். லேசாக ஒரு பூச்சு கிரீஸ் போதும்; அப்பி வைத்தால் தூசிதான் சேரும். வாஷரும் திருகும் தேயும் பொருட்கள், உதிரியாக ஒரு செட் கையில் இருக்க வேண்டும்.

அலகுக் குழப்பம் தனிக்கதை. நியூட்டன் மீட்டர், கிலோகிராம் சென்டிமீட்டர், பவுண்டு அங்குலம் மூன்றும் நம் தொழிற்கூடங்களில் கலந்து புழங்குகின்றன. 6 கிலோகிராம் சென்டிமீட்டர் என்பது 0.59 நியூட்டன் மீட்டர். 6 பவுண்டு அங்குலம் என்பது 0.68. வித்தியாசம் 15 சதவீதம். தாளில் வெறும் ‘6’ என்று எழுதி வைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

டெஸ்டரையே யார் சரிபார்ப்பது என்ற கேள்வி வரும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புவதுதான் வழி, ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை கேட்கும் தொடர்தடம், அதாவது அளவீட்டைத் தேசிய அளவுகோல் வரை தொடர்புபடுத்தும் சான்று, அங்கிருந்துதான் கிடைக்கும். இடையில் சந்தேகம் வந்தால் ஓர் எளிய குறுக்குச் சோதனை உண்டு. அடாப்டரைக் கழற்றிவிட்டு, சென்சாரின் அச்சு கிடைமட்டமாக வருமாறு டெஸ்டரைப் பக்கவாட்டில் சாய்த்து இறுக்குங்கள். துல்லியமாகக் கடைந்த 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத் தட்டைப் பொருத்தி ஜீரோ செய்து, அதன் விளிம்பில் சுற்றிய மெல்லிய நூலில் 500 கிராம் முத்திரை எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.783. எனவே திரை 0.489 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். புத்தகத்தில் உள்ள 9.807ஐப் போட்டால் 0.490 வரும், இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல. நூல் அரை மில்லிமீட்டரைவிடத் தடித்தது என்றால், அதன் பருமனில் பாதியை ஆரத்தோடு சேர்க்க மறப்பதால் வரும் பிழை அதைவிடப் பெரிது. இது லேப் சான்றிதழுக்கு மாற்று இல்லை. டெஸ்டர் கீழே விழுந்த அன்றைக்கு, அன்றைய உற்பத்தியை விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும்.

வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முடுக்கி முடித்த ஸ்க்ரூவை, டார்க்கை முள்ளால் காட்டும் டயல் டிரைவரால் மறுபடி திருப்பிப் பார்த்து, ‘டெஸ்டரில் 0.60, பொருளில் 0.50, உங்கள் டிரைவர் தவறு’ என்று எழுதுவது நியாயமில்லை. நின்றுபோன ஸ்க்ரூவை நகர்த்துவது வேறு, ஓடிக்கொண்டே முடுக்குவது வேறு. பிளாஸ்டிக்கும் கேஸ்கெட்டும் முடுக்கிய சில நிமிடங்களிலேயே தளர்ந்து கொடுக்கும். அந்த எண்ணுக்குத் தனி எல்லை வகுத்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வரைபடத்தில் டார்க்கோடு ஜாயின்ட் கோணத்தையும் குறித்துக் கொடுத்தால், ஜாப் ஒர்க் செய்பவர் எந்த அடுக்கை வைப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அரசு தரப்பில் செய்யக்கூடியது இரண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றி ரோபோவும் சி.என்.சி.யும் வைத்திருக்கிறார்கள். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளில் பலர் முதல் நாள் கையில் எடுக்கப்போவது எலக்ட்ரிக் ஸ்க்ரூடிரைவரைத்தான். ஒரு மையத்துக்கு 2 நியூட்டன் மீட்டர் சென்சார் உள்ள ஒரு டெஸ்டர், வெவ்வேறு அளவில் மூன்று அடாப்டர், உதிரி வாஷர் ஒரு செட், தானே நிற்கும் டிரைவர் ஒன்று, நிற்காதது ஒன்று, இவ்வளவு போதும். மற்ற இயந்திரங்களின் விலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இரண்டாவது, சிட்கோ தொழிற்பேட்டைகளின் பொது வசதி மையங்களில் இதே செட்டை வைத்து, காலையில் டிரைவரைக் கொண்டுவந்து பத்து ஓட்டம் பார்த்துவிட்டுப் போக வழி செய்யலாம். டெஸ்டர் வாங்க முடியாத பத்துப் பேர் யூனிட்டுக்கு அது உதவும். வரும்போது டிரைவரை மட்டும் எடுத்து வராமல், லைனில் ஓடும் அதன் பவர் சப்ளையையும் அதே பிட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று வாசலிலேயே எழுதி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றும் ஒரு வாசகர்,
ஓசூர்.